சுவரில் ஒட்டிய சரித்திரம்



சுவரில் ஒட்டும் தாளுக்குக்கூடச் சரித்திரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இன்று கடைகளில் சுருள் சுருளாக விற்கும் பூப்போட்ட தாளை வாங்கி, முன்னறையின் ஒரு பக்கச் சுவருக்கு ஒட்டிக்கொள்கிறோம். ஈரம் ஏறி ஓரம் கிளம்பினால், கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குகிறோம். லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சுவர்த்தாளும் நினைவிருக்கும். பலகைச் சுவரின் இடுக்கு வழியே காற்றும், விளக்கு வெளிச்சமும், பக்கத்து வீட்டுப் பேச்சும் வராதிருக்கப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை மாவுப் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். தீபாவளிக்குத் தீபாவளி அதன் மேல் புதிதாக ஓர் அடுக்கு ஏறும். இதைப் போய்ச் சரித்திரம் என்று சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் கிறைஸ்ட்ஸ் கல்லூரி என்று ஒரு பழைய கல்லூரி இருக்கிறது. 1911ஆம் ஆண்டில் அக்கல்லூரித் தலைவரின் இல்லத்தைப் பழுது பார்த்தபோது, கூரை உத்தரங்களின்மேல் பழந்தாள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். மரக்கட்டையில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சிட்ட மாதுளை போன்ற ஒரு வடிவம் அவற்றில் இருந்தது. அச்சிட்டவர் யார்க் நகரத்து ஹியூகோ கோஸ் என்று ஆராய்ந்தவர்கள் கூறினர். தாளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் வியப்பு. பின்பக்கத்தில், எட்டாம் ஹென்றி மன்னர் 1509இல் பட்டத்துக்கு வந்ததையொட்டி வெளியான அரசு அறிவிப்பு அச்சாகியிருந்தது. அச்சுக்கூடத்தில் மீந்துபோன தாளை வீணாக்க மனமில்லாமல், மறுபக்கத்தில் பூ அச்சடித்து விற்றிருக்கிறார்கள்! இங்கிலாந்தில் இன்று கிடைத்துள்ள சுவர்த்தாள்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அதன் காலத்தை நமக்குச் சொல்வது பின்பக்கமே. இந்தப் பின்பக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நமக்கு அது தேவைப்படும்.

தாள் வருவதற்கு முன்னால் செல்வர்கள் வீட்டுச் சுவரில் துணி தொங்கியது. ஆங்கிலத்தில் சுவர்த்தாளுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயரே 'தொங்கும் தாள்' என்று பொருள்படும். ஒட்டும் தாளுக்குத் தொங்கும் தாள் என்று பெயர் வந்ததற்குக் காரணம், அது துணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான். அந்தத் துணிகளில் ஒரு சிறந்த வகை எங்கிருந்து போயிற்று தெரியுமா? நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த அதே சோழமண்டலக் கரையிலிருந்து. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், சென்னை, மசூலிப்பட்டினம் ஆகிய துறைமுகங்களில் மூட்டை மூட்டையாக ஏறிய கைவண்ணச் சீட்டித் துணி அது. லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்ற அதிகாரி நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியவர். 1663ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் மனைவியின் புதிய படிப்பறைச் சுவரை மூடுவதற்கென்று இந்தியச் சீட்டி வாங்கியதை அவர் குறித்து வைத்திருக்கிறார். ஒரு வீட்டுக்காரர் எழுதி வைத்த கடைக் கணக்கு, பிற்காலத்தில் சரித்திரச் சான்றாகிவிட்டது.

நம் மலாக்காவுக்கும் இத்துணி அந்நியமன்று. 1500களின் தொடக்கத்தில் இங்கு வந்த போர்த்துகீசியர் டோமே பிரெஸ், பழவேற்காட்டுப் பக்கத்து வணிகர்கள் துணி கொண்டுவந்து விற்பதை விரிவாக எழுதியிருக்கிறார். 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலில் ஒரு கதை வருகிறது. சுல்தான் மாமுட் ஷா, நாற்பது வகைப் பூவேலை கொண்ட துணி வேண்டும் என்று ஹங் நாடிமைக் கடல் கடந்து கலிங்க நாட்டுக்கு அனுப்பினார். அங்குள்ள ஓவியர்கள் வரைந்து காட்டிய எந்த மாதிரியும் ஹங் நாடிமுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே தூரிகையை வாங்கித் தம் மனத்திலிருந்த பூவை வரைந்து காட்ட, அதைப் பார்த்து அவர்கள் எழுதிக் கொடுத்தார்களாம். திரும்பும் வழியில் கப்பல் மூழ்கி, நான்கே துணிகள் மிஞ்சின என்று கதை முடிகிறது. கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். மலாக்கா அரண்மனைக்கு வேண்டிய பூவை, அக்கரையில் ஒரு கை பார்த்து வரைந்தது என்ற செய்தி மட்டும் நம்பத்தக்கது. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கும்பெனிதான் 1641இல் மலாக்காவையும் பிடித்தது. இரண்டு ஊரையும் இணைத்த நூல் இந்தத் துணி வியாபாரம்.

அந்தக் கைவேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூர்டு என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சோழமண்டலக் கரையில் இருந்தவர். 1742இல் தம் நாட்டுக்கு எழுதிய கடிதத்தில் வேலைக்காரர்களிடம் கேட்டறிந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டார். முதலில் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சாயத்தைப் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு வண்ணம் கசிந்து பரவாமல் தடுக்கும். இரும்புத் துண்டுகளை ஊறவைத்த புளித்த நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் அது கறுப்பாகப் பதியும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவிவிட்டு, துணி முழுவதையும் சாயவேர் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடத்தின் மங்கலைச் சாணநீரில் அலசி வெயிலில் போட்டு வெளுப்பார்கள். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பச்சைக்கு நீலத்தின் மேல் மஞ்சள். இந்த மஞ்சள் மட்டும் வெயிலுக்கு நிற்காது. ஆகவேதான் அருங்காட்சியகங்களில் உள்ள பழஞ்சீட்டிகளில் இலைகள் பல நீலமாகத் தெரிகின்றன. வரைந்தவர் நீல இலை வரையவில்லை. காலம் மஞ்சளைத் தின்றுவிட்டது.

இந்தத் துணி ஐரோப்பாவில் அமோகமாக விற்றதும் அங்குள்ள நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை விதித்து 1759 வரை விலக்கவில்லை. இங்கிலாந்து 1700இலும் 1720இலும் சட்டம் போட்டது. துணிக்குத் தடை வந்தாலும், கண்ணுக்குப் பழகிய பூவுக்கு யார் தடை போட முடியும்? அதே பூவும் கொடியும் தாளில் இறங்கின. சீட்டியைப் போலவே அச்சிட்ட சுவர்த்தாள் சந்தைக்கு வந்தது. பெயர் தெரியாத நம் கரையோரத்து ஓவியர்களின் கொடியும் பூவும், அவர்கள் கேள்விப்பட்டிராத ஊர்ச் சுவர்களில் இவ்விதம் ஏறிக்கொண்டன.

இதைவிட வேடிக்கையான ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. சீனாவில் கான்டன் நகரில் கையால் தீட்டிய பறவையும் மூங்கிலும் நிறைந்த அழகான தாள்களைக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. மலாக்கா நீரிணையையோ சுண்டா நீரிணையையோ கடந்துதான் அவை போயிருக்க வேண்டும். கும்பெனி கொண்டுவந்தது என்பதால் ஆங்கிலேயர் அவற்றை 'இந்தியத் தாள்' என்றே அழைத்தார்கள். ஹேர்வுட் மாளிகை என்ற இடத்தில் 1769இல் ஒட்டிய அப்படிப்பட்ட தாளை, அடுத்த நூற்றாண்டில் நாகரிகம் மாறியதும் கழற்றிவிட்டார்கள். நல்லவேளையாக யாரோ அதைச் சுருட்டி வைத்திருந்தார்கள். 1988இல் வெளிக்கட்டிடம் ஒன்றில் அது கிடைத்தது. செப்பனிட்டு மீண்டும் சுவரேற்றினார்கள். டெம்பிள் நியூசம் என்ற இன்னொரு மாளிகையில், சீனத் தாளில் பறவை போதவில்லை என்று கருதிய சீமாட்டி, ஆடுபானின் புகழ்பெற்ற பறவை நூலிலிருந்து படங்களை வெட்டி மேலே ஒட்டிவிட்டார். பிற்காலத்தில் அந்நூலின் விலை கோடிக்கணக்கில் ஏறியது. காலண்டர் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டும் நம் தாய்மார்களுக்கு அந்தச் சீமாட்டியின் மனம் நன்றாகப் புரியும்.

சுவர்த்தாள் செய்த தொழிலாளிகளைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். மாளிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களை எளிதில் மறந்துவிடுகிறார்கள். பாரிஸில் ரெவெய்யோன் என்பவரின் சுவர்த்தாள் ஆலையில் 300க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். 1783இல் மொங்கோல்பியர் சகோதரர்கள் பறக்கவிட்ட பலூனுக்குத் தாளும் அலங்காரமும் தந்த ஆலை அது. 1789 ஏப்ரலில், ஒரு நாள் கூலியை 15 சூ ஆகக் குறைக்கப்போகிறார் என்ற செய்தி அக்கம்பக்கத்தில் பரவியது. ரொட்டி விலை ஏறிக் கிடந்த நேரம். திரண்டு வந்த கூட்டம் ஆலையையும் வீட்டையும் நொறுக்கியது. படையினர் சுட்டதில் பலர் மாண்டனர். அப்படிச் சொல்லவே இல்லை என்று ரெவெய்யோன் மறுத்தார். இரண்டரை மாதம் கழித்து பாஸ்டில் சிறை வீழ்ந்து, பிரெஞ்சுப் புரட்சி உலகறிந்த நிகழ்ச்சியாயிற்று. சுவரில் பூ ஒட்டும் தொழிலும் கூலி வயிற்றைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைத் தோட்ட மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த நூற்றாண்டில் வேறொரு ஆபத்து வந்தது. ஷீல் என்ற சுவீடன் நாட்டு வேதியியலார் 1775இல் கண்டறிந்த பச்சை நிறத்தில் செம்பும் ஆர்செனிக் என்னும் கொடிய நஞ்சும் கலந்திருந்தன. பளிச்சென்ற அந்தப் பச்சையை ஆலைகள் டன் கணக்கில் பயன்படுத்தின. வண்ணம் அரைத்தவர்களின் கைகளில் புண் வந்தது. ஈரச் சுவரில் பசைமேல் பூசணம் பூத்தால், தாளிலிருந்து பூண்டு நாற்றமுள்ள நச்சு வாயு கிளம்புகிறது என்பதை கோசியோ என்ற இத்தாலியர் 1893இல் சோதித்துக் காட்டினார். பழைய பச்சைத் தாளைத் தொடுமுன் பாதுகாப்பாளர்கள் கையுறை அணிந்து சோதிப்பது இதனால்தான்.

பழந்தாளை அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது ஒரு தனி வித்தை. தொடர்ந்து ஓடும் சுருளாகக் காகிதம் செய்யும் இயந்திரம் பரவுமுன், சிறு சிறு தாள்களை ஒட்டித்தான் ஒரு சுருள் ஆக்கினார்கள். ஆகவே குறுக்கே ஒட்டு இருந்தால் அது ஏறக்குறைய 1830களுக்கு முந்தியது. இங்கிலாந்தில் 1712 முதல் 1836 வரை சுவர்த்தாளுக்கு வரி இருந்தது. வரி கட்டிய முத்திரை தாளின் பின்பக்கம் விழும். அந்த முத்திரையைக் கள்ளமாகச் செய்தால் மரண தண்டனை என்றுகூட 1806இல் சட்டம் வந்தது. வரி வசூலித்தவர்கள் எண்ணிப் பார்த்திராத வகையில், அதே முத்திரை இன்று தாளின் வயதைக் கூறுகிறது. ஒரு சுவரில் பல அடுக்கு இருந்தால், மூலையில் ஈரப்பதம் கொடுத்து ஒவ்வொன்றாக மெல்லக் கிளப்பி, எது எதன் மேல் என்று எண்ணுகிறார்கள். கிழிந்த இடத்தில் ஜப்பானிய மெல்லிய தாளைப் பின்னால் வைத்து, கோதுமை மாச்சத்தில் காய்ச்சிய பசையால் ஒட்டுகிறார்கள். தண்ணீர் பட்டால் மறுபடி பிரித்தெடுக்கலாம் என்பதே இந்தப் பசையின் சிறப்பு. நம் வீடுகளில் காய்ச்சிய பசையும் கிட்டத்தட்ட அதேதான். பூச்சி அரிக்காமலிருக்க நம்மவர்கள் அதில் மயில்துத்தம் கலந்ததுண்டு.

அப்படியே மறுபடி அச்சடித்துவிட்டால் போதாதா, பழையதை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரான்ஸில் ரிக்ஸ்ஹைம் என்ற ஊரில் ஸூபெர் ஆலை 1797 முதல் இருந்து வருகிறது. பழைய மரக்கட்டைகளைக் கொண்டு இன்றும் கையாலேயே அச்சிடுகிறார்கள். 1807இல் அவர்கள் 'இந்துஸ்தான்' என்ற பெயரில் ஓர் அறை முழுவதும் சுற்றிவரும் காட்சித் தாளை வெளியிட்டார்கள். வரைந்த மோஞ்சான், ஆங்கிலேயரான டேனியல் இருவர் இந்தியாவைச் சுற்றி வரைந்து வெளியிட்ட படங்களைப் பார்த்தே அதை அமைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் அதற்குத் தேவைப்பட்டன. அதே ஆலை 1834இல் அச்சிட்ட வட அமெரிக்கக் காட்சித் தாள் இன்று வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் வரவேற்பறை ஒன்றில் இருக்கிறது. 1961இல் அதைப் புதிதாக அச்சடித்து வாங்கவில்லை. மேரிலாந்தில் இடிக்கப்படவிருந்த பழைய வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து ஒட்டினார்கள். செலவை மிச்சப்படுத்த வேண்டிய வீடா அது?

மறு அச்சில் வடிவம் கிடைக்கும். வண்ணமும் ஓரளவு கிடைக்கும். அந்த வண்ணத்திலும் சிக்கல் இருக்கிறது. மங்கிப்போன சீட்டியைப் பார்த்துப் புதிது செய்கிறவர் இலையை நீலமாகப் போடுவதா, பச்சையாகப் போடுவதா? இன்று கண்ணுக்குத் தெரிவது நீலம். அன்று வரைந்தவர் தீட்டியது பச்சை. எதைப் போட்டாலும் ஒன்று விட்டுப்போகும். மறு அச்சில் பின்பக்கம் இராது என்பதும் ஒன்று. 1509இன் அரசு அறிவிப்பு அங்கே அச்சாகி வராது. எங்கள் எண்ணத்தில், பழையது ஒரு துண்டாவது கையில் இருந்தால்தான் புதியது செய்வதில் பொருள் உண்டு.

நம் மலாக்கா நகரத்துப் பழைய கட்டிடங்களில் இப்படிப்பட்ட தாளைத் தேடினால் ஏமாந்து போவோம். இந்நாட்டு ஈரத்தில் மாவுப் பசை பூசணம் பிடிக்கும்; இராமபாணப் பூச்சியும் கரையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே இங்கே சுவருக்குச் சுண்ணாம்பே ஆடை. 1650ஐ ஒட்டிக் கட்டிய ஸ்டாட்ஹைஸ் கட்டிடம் முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது. இன்று படம் பிடிக்கிறவர்கள் விரும்பும் சிவப்பு, பிரிட்டிஷார் காலத்தில் வந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தபின், கொத்தனார்கள் மறந்துபோன சுண்ணாம்புப் பக்குவத்துக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. 2005இல் இயற்றிய தேசிய மரபுடைமைச் சட்டமும் இருக்கிறது.

ஆனால் எந்தப் பட்டியலிலும் லயம் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் வரிசை வரிசையாக இடிந்தன. மக்களுக்கு நல்ல வீடு கிடைத்திருந்தால் அதைக் குறித்து நாம் வருந்த வேண்டியதில்லை. ஒழுகும் தகரமும் பொதுக் கழிப்பிடமும் போற்றிக் காக்க வேண்டிய பொருள்கள் அல்ல. பலகையோடு போன தாளைப் பற்றித்தான் நம் கவலை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. அதன் பழைய ஏடுகள் நூலகங்களில் சிலவாவது இருக்கும். எந்த ஏட்டை எந்தக் குடும்பம் வாங்கியது, படித்தபின் எந்தப் பக்கத்தை வெளியே தெரியும்படி ஒட்டியது, கொண்டையராஜுவின் முருகன் படம் அச்சிட்ட சிவகாசிக் காலண்டருக்கு எந்த இடம் கொடுத்தது என்பதெல்லாம் எந்த நூலகத்திலும் கிடைக்காது.

புலாவ் செபாங் பக்கத்தில் ஆளில்லாமல் போன ஒரு லயத்தில், உரியவர்களின் அனுமதியோடு நாங்களும் சில மாணவர்களும் ஒரு பலகையைப் பார்த்தோம். மேலே காலண்டர் படம், சாமியின் முகம் மட்டும் மங்காமல். அதன் கீழ் பத்திரிகை, மூன்று அடுக்கு. அதற்கும் கீழே கோடு போட்ட பள்ளிக் கொப்பியின் தாள்கள்; பெருக்கல் வாய்பாடு எழுதியிருந்தது, ஏழாம் வாய்பாட்டில் ஒரு பிழையோடு. ஒரு தாளின் பின்பக்கம் பென்சிலில் மளிகைக் கடைப் பற்று: அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், மறுபடி அரிசி. எழுதியது அந்த வீட்டு அம்மாவா, பிள்ளையா என்று மாணவர்களுக்குள் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. கேம்பிரிட்ஜ் உத்தரத்தைப் பற்றி அவர்களுக்கு நாங்கள் சொன்னது அன்றைக்குத்தான்.

உங்கள் பழைய வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இப்படிப்பட்ட சுவர் இன்னும் நிற்குமானால், முதலில் தாளை இழுக்காதீர்கள். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் அதைப் பழுப்பாக்கி அப்பளமாக நொறுங்க வைத்திருக்கும். கைத்தொலைபேசியில் சுவர் முழுவதையும் படம் எடுங்கள். பிறகு பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒவ்வொரு பலகையாக எடுங்கள். வீடு இடிபடப்போவது உறுதியானால், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, தாளைப் பிரிக்காமல் பலகையையே அறுத்தெடுப்பது நல்லது. கரையான் இருக்கிறதா என்று ஓரங்களைத் தட்டிப் பாருங்கள். நேர் வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றாட வைத்து, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். தரையில் வைக்காமல் மேலே ஏற்றி வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனையாவது வீடு, எந்தப் பக்கத்துச் சுவர் என்பதைப் பலகையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் கரைந்துவிடும்.